கமிஷன் வாங்காத மாப்பிள்ளை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஏழாம் நாள், திங்கட்கிழமை. காலையிலேயே வெயில் கடுமையாக இருந்தது; காற்று அசையவில்லை. கிழக்கே சிறிது மேகம் திரண்டு, மழை தரப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பத்து மணிக்குள் கலைந்துபோயிற்று. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் நின்றிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் அச்செய்தியைக் கொண்டுவந்தாள்.

“யக்கா, நூஸு பாத்தியா? அமெரிக்காக்காரன் எல்லாத்துக்கும் வரி போட்டுட்டானாம். சைனாலல்லாம் மார்க்கெட்டு அப்டியே குப்புற உய்ந்துகீதாம். உன் துட்டு அங்கதான கீது?”

“அங்க மட்டும் இல்ல பொன்னு. இருவது இருவத்தஞ்சு நாட்ல கீது.”

“அப்ப அத்தினி நாட்லயும் பூட்ச்சா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் குடம் நிரம்பி வழிந்து என் காலை நனைத்த பிறகே, லாரிக்காரர் என்னை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார் என்பதை உணர்ந்தேன்.

அந்தப் பணத்தின் வரலாற்றை இங்கே கூறுதல் அவசியமாகிறது. என் கணவர் உயிருடன் இருந்த காலத்தில் வேப்பம்பட்டில் தவணை முறையில் ஒரு மனை வாங்கினார். அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து அதனை விற்றேன். கிடைத்ததில் ஒரு பகுதி வங்கி வைப்புநிதியில் இருக்கிறது. அதன் வட்டி எனது இன்றைய சோறு. எஞ்சிய ஆறு லட்சம் எனது நாளைய சோறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்துப் பெட்டி அடுக்கிய கைகள் இவை; இவற்றுக்கு இன்னும் பத்தாண்டு வலு இருக்குமா என்பது ஐயமே. வலு தீரும் நாளில் பிறர் வீட்டுத் தட்டைப் பார்க்காமல் உண்பதற்கு வேறு வழி எனக்கில்லை. அந்த ஆறு லட்சத்தைத்தான் என் மகள் கவிப்பிரியாவின் கணவர் ஸ்ரீகாந்த், வளர்ந்துவரும் நாடுகளின் குறியீட்டு நிதி ஒன்றில் போட்டுவைத்தார்.

குறியீட்டு நிதி என்பது யாதெனில், பல நாடுகளிலுள்ள பெரிய நிறுவனங்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியலை அப்படியே பின்பற்றி, ஒவ்வொன்றிலும் சிறு பங்கு வாங்கிவைக்கும் ஏற்பாடு ஆகும். சீனம், தைவான், தென்கொரியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் அப்பட்டியலில் உள்ளன. இந்தியாவும் உள்ளது. எனது பணத்தில் ஒரு பகுதி கடல் கடந்து சென்று, பெயர் மாற்றிக்கொண்டு, மீண்டும் நம் ஊருக்கே வருகிறது என்பதை அறிந்தபோது என் முதல் ஐயம் பிறந்தது. நேர்மையான பணம் எதற்காக அவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்?

“ஆபீசு எங்க மாப்ள?” என்று அன்றே கேட்டேன்.

“மும்பைல அத்தை.”

“யாரு நடத்துறாங்க?”

“யாரும் நடத்தலை அத்தை. பட்டியல்தான் நடத்துது. எதை வாங்கலாம்னு ஒரு ஆள் உக்காந்து யோசிக்க வேணாம். அதனாலதான் செலவு கம்மி. நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு அம்பது காசு கிட்டத்தான் எடுப்பாங்க.”

பின்னர் அவர் சிரித்துக்கொண்டே கூறியதும் நினைவிருக்கிறது. “ஆனா விழும் அத்தை. ஒரு சமயம் பாதியாக்கூட விழும். அன்னிக்கு எடுத்துடணும்னு தோணும். அன்னிக்கு நானே வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீங்க.”

யாரும் நடத்தாத சீட்டு ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் தெருவில் சீட்டு என்பது சேமிப்பு மட்டுமன்று; கண்காணிப்பும் ஆகும். முன்பு தீபாவளிச் சீட்டு நடத்திய ஒருவர் குடும்பத்தோடு மறைந்த பிறகு, பெண்கள் தமக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். மாதம் ஒருத்தி, கறிவேப்பிலை கேட்டோ ஊசி கேட்டோ, சீட்டு நடத்துபவரின் வீட்டுக்குள் சென்று வருவாள். வண்டி நிற்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனரா, சுவரில் ஏதேனும் வெற்றிடம் தெரிகிறதா என்று நோக்குவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்காரியின் கழுத்தை நோக்குவாள். ஓட நினைப்பவன் முதலில் பெண்டாட்டி கழுத்தைத்தான் காலி செய்வான் என்பது பொன்னம்மாளின் கோட்பாடு. இக்கோட்பாட்டால் இருமுறை நாங்கள் தப்பியிருக்கிறோம்.

இந்த நிதிக்கோ வீடு இல்லை, வாசல் இல்லை, கழுத்து இல்லை. எங்கே சென்று கறிவேப்பிலை கேட்பது?

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. சீட்டு நடத்துபவர் கமிஷன் எடுப்பார். அனைவர் கண்முன்பாகவும் எடுப்பார். ஆகவே அவர் ஏன் உழைக்கிறார் என்பது விளங்கும். ஸ்ரீகாந்த் இதில் என்ன எடுக்கிறார்? மாப்பிள்ளையிடம் அதை நேரில் கேட்பது எங்கள் குடும்பங்களில் வழக்கமன்று. மகளிடம் கேட்டேன்.

“ஒரு பைசா கிடையாதும்மா. டைரக்ட் பிளான், நடுவுல ஏஜெண்ட்டே இல்ல.”

“அப்புறம் எதுக்குச் செய்றாரு?”

“நீ அவருக்கு அத்தைங்கிறதால.”

அவ்விடை என்னை அமைதிப்படுத்தவில்லை. நாற்பத்தொன்பதாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேறி, இன்று அஞ்சல்வழியில் பொருளியல் பயில்கிறவள் நான். ஊதியமில்லா உழைப்பு என்ற தலைப்பில் எங்கள் பாடநூலில் ஒரு பிரிவு உண்டு. அதில் மாப்பிள்ளைகள் குறிப்பிடப்படவில்லை. கண்முன் ஒன்றும் எடுக்காதவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எடுக்கிறார் என்றே கொண்டேன். இரண்டாண்டுகளாக அந்த எண்ணம் என்னுள் இருந்தது. கடந்த ஒரு மாதமாக அவர் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை; தொலைபேசியில் மகளின் பேச்சும் சுருங்கிவிட்டது. சந்தை விழுந்த செய்தி வந்த அன்று, அந்த எண்ணம் முடிவாயிற்று. நிதிக்கு வீடில்லையேல், நிதியைப் போட்டவருக்கு வீடுண்டு. அங்கே செல்வது, உள்ளே நோக்குவது, மூன்று மணிக்குள் பணத்தை வெளியே எடுக்கச் சொல்வது. மூன்று மணிக்குள் விண்ணப்பித்தால்தான் அன்றைய விலை கிடைக்கும் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார்.

சாக்காகக் கூழ்வடகம் ஒரு பை எடுத்துக்கொண்டேன்.

ஆவடி வரை ரயிலிலும், அங்கிருந்து பூவிருந்தவல்லி செல்லும் பேருந்திலும் பயணித்தேன். மாப்பிள்ளை மறுத்தால் எவ்வாறு பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘பொறுமையாக இருங்கள்’ என்பார். ‘என் பணம், என் விருப்பம்’ என்பேன். ‘இழப்பு வரும்’ என்பார், ‘வரட்டும்’ என்பேன். என் உதடுகள் அசைந்தன போலும், பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞன் நகர்ந்து உட்கார்ந்து, “இன்னாம்மா, யார்கூட சண்ட?” என்று கேட்டான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாரிவாக்கத்தில் அவர்கள் வீடு மாடியில் உள்ளது. படிக்கட்டின் கீழ் மாப்பிள்ளையின் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில், எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றிருப்பார், தொலைபேசியில்தான் பேச வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவரோ மாப்பிள்ளையே.

“வாங்க அத்தை. என்ன திடீர்னு?”

“வடகம் போட்டேன் மாப்ள. கவிக்குப் புடிக்குமேன்னு. நீங்க ஆபீஸ் போகலியா?”

“லீவு அத்தை.”

“வண்டி?”

“சர்வீஸ் விட்டிருக்கேன்.”

அவர் முகம் மழிக்கப்படாமல் இருந்தது. மேசைமேல் இரண்டு கைபேசிகள் கிடந்தன. ஒன்றில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அமர்ந்ததும் அதனைக் கவிழ்த்து வைத்தார். உள்ளிருந்து கவிப்பிரியா வந்தாள். அனல் பறக்கும் அந்நேரத்தில், வீட்டுக்குள்ளே, துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகப் போட்டிருந்தாள்.

“சளியா?” என்றேன்.

“லேசாம்மா.”

நான் காலந்தாழ்த்தவில்லை. “மாப்ள, அந்தப் பணத்த எடுத்துடலாம்னு பாக்குறேன். ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்குது. எனக்கு மனசு சரியில்ல.”

ஒத்திகை பார்த்த சொற்களெல்லாம் நாவில் அணிவகுத்து நின்றன. அவற்றுக்கு வேலையே ஏற்படவில்லை.

“எடுத்துடலாம் அத்தை,” என்றார் ஸ்ரீகாந்த். “இப்பவே எடுத்துடலாம். இன்னும் நேரம் இருக்கு. உங்க போன் கொண்டாந்திருக்கீங்கல்ல?”

தன் கைபேசியை எடுத்து, என் கணக்கைத் திறந்து, தட்டத் தொடங்கினார். மறுப்பார் என்று வந்த நான், மறுக்காததைக் கண்டு திகைத்தேன். பூட்டை உடைக்கக் கம்பியுடன் வந்தவன், கதவு திறந்தே கிடப்பதைக் கண்டால் உள்ளே நுழைவானா, தயங்குவானா? நான் தயங்கினேன். இரண்டாண்டுகளாக இந்தப் பணத்திலிருந்து மறைவாக எடுக்கிறார் என்று ஐயுற்றேன். இப்போது அதைக் கொடுக்க ஏன் இவ்வளவு விரைகிறார் என்று ஐயுற்றேன்.

என் கைப்பைக்குள் கைபேசி ஒலித்தது.

“ஓடிபி வந்திருக்கும் அத்தை. ஆறு நம்பர். அதைச் சொல்லுங்க.”

நான் கைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எண் தெரிந்தது. சொல்லவில்லை.

“எவ்ளோ கொறஞ்சிருக்கு மாப்ள?”

“ராத்திரி அமெரிக்கா மார்க்கெட்டு மூடுனாத்தான் சரியா தெரியும். நாளைக்கு இன்னும் விழலாம்.”

“சரியானதும் திரும்பப் போட்டுக்கலாம் இல்ல?”

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. பொய் கூற அவர் முயன்றார் என்றே நினைக்கிறேன், வரவில்லை.

“இல்லத்தை. இந்த ஃபண்டுல இப்போதைக்குப் புதுப்பணம் வாங்குறதில்ல. வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க, அது நெருங்கிடுச்சு. மறுபடி எப்ப திறப்பாங்கன்னு தெரியாது.”

அச்சொல் என்னுள் எதிர்பாராத ஓரிடத்தில் சென்று தைத்தது. புதுப்பணம் வேண்டாம் என்று சொல்லும் சீட்டுக்காரரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. ஓடப்போகிறவன் கடைசி நாள் மாலைவரை வசூல் செய்வான். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடு என்று கெஞ்சுவான். வாசலில் நின்று, உள்ளே வராதே, இடமில்லை என்பவனிடம் வேறு குறை இருக்கலாம். ஓடிவிடும் குறை இருக்க முடியாது. வீடில்லாத அந்த நிதியின்மீது இருந்த எனது ஐயம் அந்தக் கணத்தில் இடம் பெயர்ந்தது. அது அறைக்குள்ளேயே வேறு இடம் தேடிற்று.

“அத்தை, நம்பர்?”

“கண்ணாடி கொண்டாரல மாப்ள.”

“குடுங்க, நான் பாக்குறேன்.”

“இருங்க, டீ குடிச்சிட்டுப் பாக்கலாம். கவி, டீ போடேன்.”

எண்ணின் காலம் கடந்துவிட்டது. மீண்டும் அனுப்பும்படி அவர் தட்டினார். மீண்டும் என் மடி ஒலித்தது. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“பணம் எதுக்கு வரும்?” என்றேன்.

“எதுக்குன்னா?”

“எந்தக் கணக்குக்கு வரும்னு கேட்டேன்.”

“உங்க அக்கவுண்ட்டுக்குத்தான் அத்தை. வேற எதுக்கும் போகவே போகாது. நானே நெனச்சாலும் முடியாது. நாலஞ்சு நாள்ல வந்துரும். அப்புறம்…”

“அப்புறம்?”

“அப்புறம் பேசிக்கலாம்.”

கவிப்பிரியா தட்டில் மூன்று குவளைகளைக் கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கக் குனிந்தபோது துப்பட்டா நழுவித் தட்டில் விழுந்தது. அவள் அதைப் பிடிப்பதா, தட்டைப் பிடிப்பதா என்று தடுமாறினாள். தட்டைப் பிடித்தாள்.

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. கயிற்றில் தாலி மட்டும் இருந்தது. திருமணத்துக்கு நான் போட்ட சங்கிலி இல்லை. காதில் இருந்தவை கவரிங் தோடுகள்; கைகளில் வளையல் இல்லை.

ஊரார் வீடுகளில் எத்தனை கழுத்துகளை நான் நோக்கியிருக்கிறேன்! என் வயிற்றில் பிறந்தவளின் கழுத்தை நோக்கவே இவ்வளவு தூரம் வந்தேன் என்பது அப்போது விளங்கிற்று.

“சங்கிலி எங்கடி?”

“பாலிஷ் போடக் குடுத்திருக்கும்மா.”

“தோடும் பாலிஷா? வளையலும் பாலிஷா? வண்டியும் பாலிஷா?”

அவள் துப்பட்டாவைத் தட்டிலிருந்து எடுத்து மடித்தாள். ஸ்ரீகாந்த் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அத்தை, அதெல்லாம் அப்புறம் சொல்றேன். மூணு ஆகப்போவுது. தயவுசெஞ்சு நம்பரைச் சொல்லுங்க.”

“மாப்ள, அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. நானே வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீங்கன்னு.”

“சொன்னேன்.”

“எதுக்குச் சொன்னீங்க?”

கவிப்பிரியா சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“ஆப்ஷன்ல விட்டுட்டாரும்மா. மார்க்கெட்டு இன்னிக்கு ஏறும், இன்னிக்கு எறங்கும்னு பந்தயம் கட்டறது. ஆரம்பத்துல ஆயிரம் ஆயிரமா வந்துச்சு. அப்புறம் போக ஆரம்பிச்சிது. மொதல்ல அவர் சேத்தது. அப்புறம் லோனு. அப்புறம் என் நகை. இன்னிக்குக் காலைல மிச்சமும் போச்சு. உன் பணத்துல நகைய மீட்டுடலாம், உனக்கு மாசாமாசம் குடுத்துடலாம்னு சொன்னாரு.” என் பக்கம் திரும்பினாள். “நானும் சரின்னுட்டேம்மா.”

அவ்விறுதிச் சொல் எனக்கு வலித்தது. ஆயினும் அது உண்மை என்பதால், அவள் கூறிய மற்றவையும் உண்மை என்று கொண்டேன்.

“என் பணத்தத் தொட்டாரா?”

“தொடலம்மா. தொட முடியாது. ஓடிபி உன்கிட்ட வருது, பணம் உன் கணக்குக்குப் போவுது. அவரே போட்டு வச்ச ஏற்பாடு.”

ஸ்ரீகாந்த் தலைநிமிரவில்லை. “உங்களுக்கு எது நல்லதுன்னு தெரிஞ்சுதான் அத்தை அதுல போட்டேன். எனக்குத்தான் அது பத்தல. மெதுவா போவுதுன்னு நெனச்சேன்.”

கீழே தெருவில் ஐஸ் வண்டியின் மணி ஒலித்துக் கடந்தது. என் மடியில் ஆறு எண்கள் காத்திருந்தன. அவற்றைச் சொன்னால் சங்கிலி மகளின் கழுத்துக்கு மீளும். அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று மறுப்பதற்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டு என் முதுமைக்கு வேறு சோறு தேடவும் கைவலு இல்லை. ஆகவே கைபேசியை அவளிடமே நீட்டினேன்.

“நீ சொல்லுடி. நீ வாய்விட்டுப் படிச்சா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் படி. சங்கிலி வந்தா, எத்தினி நாளைக்குக் கழுத்துல இருக்கும்?”

அவள் வாங்கினாள். திரையைப் பார்த்தாள். பிறகு கணவரின் இரண்டாவது கைபேசியை, அவர் கவிழ்த்துவைத்த அந்தக் கைபேசியைப் பார்த்தாள். அது இடைவிடாமல் மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“கவி,” என்றார் ஸ்ரீகாந்த். “ப்ளீஸ். படி.”

அவள் என் கைபேசியை வடகப் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சிட்டாள். முடிச்சை இருமுறை இழுத்து இறுக்கினாள்.

“வேணாங்க,” என்றாள். “அது ஒண்ணுதான் நீங்க சரியா செஞ்சது. அது இருக்கட்டும்.”

அவர் எழவில்லை, பையைப் பறிக்கவும் முயலவில்லை. பறிக்கக்கூடும் என்று எண்ணி நான் என் காலைப் பையின் முன் நீட்டி வைத்திருந்தேன். அதை அவர் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“அத்தை,” என்றார். “நானே சொன்னாலும் எடுக்காதீங்கன்னு சொன்னது, நெஜமாத்தான் சொன்னேன்.”

இரண்டாண்டுகளில் அவர் கூறியவற்றுள் ஐயமின்றி நான் நம்பியது அந்த ஒரு வாக்கியத்தையே. தலையசைத்தேன். அவர் கையிலிருந்த திரையில், இனி இடும் விண்ணப்பம் மறுநாள் விலைக்கே கொள்ளப்படும் என்ற அறிவிப்பு தோன்றிற்று. அவர் அதைச் சற்றுப் பார்த்திருந்து, என் கணக்கிலிருந்து வெளியேறி, கைபேசியைக் கீழே வைத்தார். எவரும் தொடாத தேநீர் மூன்று குவளைகளிலும் ஆடை கட்டியிருந்தது. அப்போது மணி, பிற்பகல் சரியாக மூன்று.